சிசிடிவி காட்சியை வைத்துச் சுட்டவரின் கைத்திறனைச் சொல்ல முடியுமா?

கேள்வி இதுதான்: ஒரு துப்பாக்கிச் சூட்டின் சிசிடிவி காட்சி வெளியானதும், சுட்டவர் பயிற்சி பெற்றவர், ராணுவத்தில் இருந்தவர், கூலிக்குக் கொல்பவர் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்களே, பத்து இருபது நொடி வீடியோவில் அதெல்லாம் உண்மையிலேயே தெரியுமா?

கொஞ்சம் தெரியும். ஆனால் பெரும்பாலோர் எங்கே பார்க்கிறார்களோ அங்கே தெரியாது. குண்டு பட்டதா, ஆள் பதறாமல் நடந்தாரா, எவ்வளவு வேகமாகச் சுட்டார், இந்த மூன்றையும் வைத்துத்தான் எல்லோரும் மதிப்பெண் போடுகிறார்கள். கைத்திறனைப் பற்றி மிகக் குறைவாகச் சொல்பவையும் இந்த மூன்றுதான். எதிர்பாராத ஒன்று நடக்கும்போது கை தானாக என்ன செய்கிறது என்பதில்தான் பழக்கம் வெளிப்படும். துப்பாக்கி சிக்கிக்கொள்வது, தோட்டா தீர்ந்துபோவது, குறுக்கே யாராவது வந்துவிடுவது போன்ற நேரங்கள் அவை. அப்போதும்கூட, தன் கையிலுள்ள அந்த ஒரு துப்பாக்கியோடு அவருக்கு உள்ள பழக்கத்தையும், எந்தத் துப்பாக்கியைக் கொடுத்தாலும் சமாளிக்கும் தேர்ச்சியையும் பிரித்துச் சொல்வது லேசில்லை.

முதலில் குறி பற்றி. குற்றக் காட்சிகளில் பெரும்பாலானவை சில மீட்டர் தூரத்தில் நடப்பவை. 3 மீட்டர் தூரத்தில் குழல் ஒரு பாகை விலகினால் குண்டு 5 சென்டிமீட்டர்தான் தள்ளிப் போகும். மூன்று பாகை விலகினாலும் 16 சென்டிமீட்டருக்குள் நிற்கும். அதாவது நெஞ்சின் நடுவை நோக்கி நீட்டியிருந்தால் உடம்பை விட்டு வெளியே போகாது. அதே ஒரு பாகைத் தவறு 25 மீட்டரில் 44 சென்டிமீட்டராகிவிடும். குண்டு ஆளைத் தாண்டிப் போய்விடும். எதிரே இருப்பவர் தன்னை யாரோ பின்தொடர்வதே தெரியாமல் நடந்துகொண்டிருக்கிறார், சுடுபவர் மூன்றடி நான்கடி பின்னால் நிற்கிறார் என்றால், குண்டு பட்டது என்பதிலிருந்து திறமையைப் பற்றி எதுவுமே கிடைக்காது. அந்தத் தூரத்தில் முதன்முறை துப்பாக்கி பிடிப்பவருக்கும் படும். 2015இல் வெளியான ஓர் ஆய்வில் துப்பாக்கிப் பயிற்சியே இல்லாதவர்களையும் போலீஸ் பயிற்சி முடித்தவர்களையும் அருகருகே வைத்துச் சுடச் சொன்னார்கள். 3 முதல் 15 அடி வரையிலான நெருக்கத்தில் இரண்டு தரப்புக்கும் இருந்த வித்தியாசம், பயிற்சி கொடுத்தவர்களே முகம் சுளிக்கும் அளவுக்குச் சிறியதாக இருந்தது.

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். குறி தவறினால் அவர் கற்றுக்குட்டி என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. நியூயார்க் போலீஸின் துப்பாக்கிப் பயிற்சியை ராண்ட் நிறுவனம் ஆராய்ந்து 2008இல் அறிக்கை கொடுத்தது. 1998 முதல் 2006 வரையிலான சம்பவங்களில், எதிராளியும் திருப்பிச் சுட்ட சண்டைகளில் போலீஸ் சுட்ட குண்டுகளில் சராசரியாக 18 சதவீதம்தான் இலக்கில் பட்டிருந்தன. எதிராளி சுடாத சம்பவங்களில் 30 சதவீதம். சுட்டவர்கள் எல்லோரும் முறையாகப் பயிற்சி பெற்று, அவ்வப்போது தேர்வும் எழுதித் தேறியவர்கள். 1999இல் அதே நகரில் நான்கு போலீஸ்காரர்கள் ஒரு கட்டட வாசலில் நின்ற, ஆயுதமில்லாத ஒருவரை நோக்கி 41 குண்டுகள் சுட்டார்கள், பட்டவை 19. 2012 ஆகஸ்ட் 24 அன்று எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு வெளியே, கொலை செய்துவிட்டு நடந்துபோன ஒருவரை இரண்டு போலீஸ்காரர்கள் சில அடி தூரத்தில் எதிர்கொண்டார்கள். 16 குண்டுகள் சுட்டார்கள். அவர் இறந்தார், தெருவில் போன ஒன்பது பேருக்குக் காயம். அதன் சிசிடிவி காட்சி வெளியானது. சீருடையை மறைத்துவிட்டு அதைக் காட்டினால் பார்ப்பவர்களில் பாதிப் பேர் ‘துப்பாக்கியே பிடிக்கத் தெரியாதவர்கள்’ என்றுதான் சொல்வார்கள்.

சரி, குறியை விடுவோம். கையைப் பார்த்துச் சொல்லலாமே என்றால், கை எவ்வளவு தெரிகிறது என்பதே அடுத்த சிக்கல். ஒரு சின்னக் கணக்கு. முழு எச்டி கேமராவில் படத்தின் அகலம் 1920 பிக்சல். தெருவைப் பார்க்கும் கேமராக்களில் லென்ஸ் அகலமாக இருக்கும்; 90 பாகை என்று வைத்துக்கொள்வோம். 20 மீட்டர் தொலைவில் அது 40 மீட்டர் அகலத்தைப் பிடிக்கிறது. ஆக, ஒரு மீட்டருக்கு 48 பிக்சல். உள்ளங்கையின் அகலம் நான்கைந்து பிக்சலில் முடிந்துவிடுகிறது. ஒரு விரல் ஒரு பிக்சலைக்கூட நிரப்பாது. இந்த நிலையில்தான் ‘விரலை விசைக்கு வெளியே வைத்திருக்கிறார் பாருங்கள், பயிற்சி பெற்றவர்’ என்று வட்டம் போட்டுக் காட்டுகிறார்கள். அந்த வட்டத்துக்குள் இருப்பது விரல் அல்ல. வீடியோவைச் சுருக்கும் மென்பொருள் பக்கத்து நிறங்களைக் கலந்து போட்ட ஒரு கறை. பெரிதாக்கிப் பார்த்தால் கறைதான் பெரிதாகும். இரவுக் காட்சியாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். வெளிச்சம் குறைந்தால் கேமரா ஒவ்வொரு ஃபிரேமையும் அதிக நேரம் திறந்து வைக்கும். அசையும் கை அப்படியே இழுபட்டுப் பதிவாகும்.

வேகத்தைக் கணக்கிடுவதிலும் இதே கதைதான். பாதுகாப்புக் கேமராக்கள் பல நொடிக்கு 15 ஃபிரேம்தான் பதிவு செய்கின்றன. ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் நடுவே 66 மில்லிநொடி ஓடிவிடுகிறது. குழல்முனையில் தெரியும் தீப்பொறியோ சில மில்லிநொடிதான் நீடிக்கும். அது இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே விழுந்துவிட்டால், சுட்டதற்கே படத்தில் அடையாளம் இருக்காது. ஆகவே தீப்பொறியை எண்ணி எத்தனை குண்டு என்று சொல்வது கூடாது. இரண்டு குண்டுகளுக்கு நடுவே 0.2 நொடி என்று ஒருவர் அளந்தால், அவர் எண்ணியது மூன்றே மூன்று ஃபிரேம். இரண்டு முனையிலும் ஒரு ஃபிரேம் பிசகினால் விடை 0.07 நொடியாகவும் சுருங்கலாம், 0.33 நொடியாகவும் நீளலாம். போதாக்குறைக்கு, பல கருவிகள் சீரான வேகத்தில் பதிவு செய்வதில்லை. படத்தில் அசைவு இல்லாதபோது ஃபிரேம்களைக் குறைக்கும், பளு கூடினால் சிலவற்றை விட்டுவிடும். அதை இன்னொரு கோப்பாக மாற்றும்போது, விட்டுப்போன இடத்தில் பழைய ஃபிரேமையே மறுபடி போட்டு நிரப்பிவிடுவார்கள். செய்திகளில் நாம் பார்ப்பது பெரும்பாலும் கண்காணிப்புத் திரையில் ஓடியதை யாரோ கைபேசியில் மறுபடி எடுத்தது. அதில் நேரத்தை அளப்பதற்கு எதுவும் மிச்சமில்லை.

அப்படியே வேகமாகச் சுட்டார் என்று உறுதியானாலும் அது தேர்ச்சிக்குச் சான்றாகாது. விசையை அடுத்தடுத்து இழுக்க விரல் போதும். நொடிக்கு நான்கைந்து முறை யாராலும் இழுக்க முடியும். வேகமாகச் சுட்டு, ஒவ்வொரு குண்டும் ஒரே இடத்தில் போய் விழுகிறதா என்பதுதான் தேர்ச்சி. குண்டு விழுந்த இடம் பெரும்பாலும் காட்சியில் இருக்காது. அது தடயவியல் வரைபடத்தில் இருக்கும்.

ஒலி இருந்தால் நிலைமை பரவாயில்லை. ஒலிப்பதிவு நொடிக்குப் பல்லாயிரம் மாதிரிகள் எடுப்பது. படத்தைவிட நேரத்தை நுணுக்கமாகக் காட்டும். ஆனால் அதைப் படிக்கவும் தனிப் பழக்கம் வேண்டும். கட்டடங்கள் நிறைந்த தெருவில் ஒரு வெடி இரண்டு மூன்றாகக் கேட்கும். கைபேசி மைக் முதல் சத்தத்திலேயே திணறிப் போய் அடுத்ததை அமுக்கிவிடும். மைக் 50 மீட்டர் தள்ளி இருந்தால் சத்தம் படத்தைவிட 0.15 நொடி பிந்தி வரும். ரைஃபிள் என்றால் இன்னொன்று உண்டு: ஒலியைவிட வேகமாகப் போகும் குண்டு தன் பாதையில் ஒரு ‘படார்’ சத்தத்தைப் போட்டுக்கொண்டே போகும், குழலின் சத்தம் பின்னால் வரும். 2024 ஜூலை 13 அன்று பென்சில்வேனியாவின் பட்லரில் டிரம்ப் மீது நடந்த தாக்குதலில், மேடையருகே பதிவான ஒலியில் இந்த இரண்டுக்கும் நடுவே சுமார் 0.2 நொடி இடைவெளி இருந்தது. சுட்டவர் நூறு மீட்டருக்கு மேல் தள்ளி இருந்தார் என்பதை அந்த இடைவெளியிலிருந்தே கணக்கிட முடிந்தது. எட்டுக் குண்டுகள் என்பதும், முதல் மூன்று கொஞ்சம் நிதானமாகவும் அடுத்த ஐந்து படபடவென்றும் வந்தன என்பதும் ஒலியில்தான் தெளிவாக இருந்தன. இப்படிப்பட்ட தாள மாற்றம் கவனிக்கத்தக்கது. முதலில் குறி பார்த்து, பிறகு நேரம் போய்விட்டது என்ற அவசரத்தில் சுட்டதாக அதைப் படிக்கலாம். இலக்கு மறைந்துவிட்டதால் மாற்றிக்கொண்டதாகவும் படிக்கலாம். எது என்று ஒலி சொல்லாது.

இப்போது, எதைப் பார்த்தால் உண்மையிலேயே ஏதாவது கிடைக்கும்?

நான் முதலில் தேடுவது, சுட நினைத்தும் குண்டு கிளம்பாத ஒரு கணம். சுடுதளங்களில் புதியவர்களைச் சோதிக்க ஒரு பழைய முறை உண்டு. மேகசினில், அதாவது துப்பாக்கியில் தோட்டாக்களை அடுக்கிச் செருகும் பெட்டியில், நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே டம்மி தோட்டா ஒன்றைச் சொல்லாமல் சேர்த்துவிடுவார்கள். அதன் முறை வரும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வரும், பின்னுதைப்பு இருக்காது. அந்த நேரத்தில் குழல்முனையைப் பார்க்க வேண்டும். வெடிக்கும் என்று பயந்து முன்கூட்டியே கையை இறுக்கியவரின் துப்பாக்கி ஒரு கட்டை விரல் அளவுக்குச் சட்டென்று கீழே குனியும். நிஜமாக வெடிக்கும்போதும் அந்தக் குனிவு நடந்துகொண்டுதான் இருக்கிறது. பின்னுதைப்பு அதை மறைத்துவிடுகிறது, அவ்வளவுதான். தேறியவரின் குழல்முனை ‘டிக்’ சத்தத்திலும் அசையாது. குற்றக் காட்சியில் துப்பாக்கி சிக்கிக்கொள்ளும் கணம் இதே சோதனையை நமக்கு இலவசமாக நடத்திக் காட்டுகிறது. கேமரா பக்கவாட்டில், அருகில் இருந்து, ஃபிரேம்களும் போதுமான அளவு இருந்தால், இதைவிட நேர்மையான சாட்சி வேறில்லை.

அடுத்தது, சிக்கிய பிறகு நடப்பது. பழக்கமில்லாதவர் துப்பாக்கியைத் திருப்பி முகத்தருகே கொண்டுவந்து பார்ப்பார், விசையை மறுபடி மறுபடி இழுப்பார், சுற்றுமுற்றும் பார்ப்பார். தோட்டா தீர்ந்து ஸ்லைடு (ஒவ்வொரு குண்டுக்கும் பின்னும் முன்னும் நகரும் பிஸ்டலின் மேல்பாகம்) பின்னாலேயே நின்றுவிட்ட பிறகும் விசையை இழுத்துக்கொண்டிருப்பவரைப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம், அவருக்கு அந்தத் துப்பாக்கி அன்னியம். பழகியவரின் கைகள் கண்ணைக் கேட்காமல் வேலை செய்யும். கண் எதிரே இருப்பவர் மீதே இருக்கும். துப்பாக்கியை வெளியே எடுக்கும் விதமும் ஓரளவு சொல்லும். சட்டை விளிம்பில் மாட்டிக்கொண்டு இழுபடுகிறதா, எடுத்ததும் ஒரே பிடியாக அமர்கிறதா, இல்லை எடுத்த பிறகு கையைத் தளர்த்தி மறுபடி பிடிக்கிறாரா என்று பார்க்கலாம். இதெல்லாம் முழு உடம்பின் அசைவுகள் என்பதால் மங்கலான படத்திலும் தப்பிப் பிழைக்கும்.

நிற்கும் தோரணைக்கு நான் அவ்வளவு மதிப்புக் கொடுப்பதில்லை. இரண்டு கையையும் நேராக நீட்டி முக்கோணமாகப் பிடிப்பதா, ஒரு காலைப் பின்வைத்து முழங்கையை மடக்குவதா என்று வகைகள் உண்டு. பின்னது, 1950களின் கடைசியில் லாஸ் ஏஞ்சலிஸில் ஷெரிஃப் துறையில் இருந்த ஜாக் வீவர் போட்டிகளில் பிரபலமாக்கியது. இன்று சினிமாவும் விளையாட்டுகளும் பார்க்கிற பதினைந்து வயதுப் பையன்கூட இரண்டையும் அச்சு அசலாக நின்று காட்டுவான். தோரணையைப் பார்த்துப் பழகலாம். கையின் எதிர்வினையைச் சுட்டுத்தான் பழக வேண்டும்.

சமீபத்தில் இந்த விவாதத்தைப் பெரிதாகக் கிளப்பியது, 2024 டிசம்பர் 4 அன்று நியூயார்க்கின் மான்ஹாட்டனில், ஹில்டன் ஹோட்டலுக்கு வெளியே யுனைடெட் ஹெல்த்கேர் நிறுவனத்தின் தலைமை நிர்வாகி சுட்டுக் கொல்லப்பட்ட சம்பவம். காட்சியில் சுடுபவர் பின்னாலிருந்து வருகிறார், சைலன்சர் பொருத்திய பிஸ்டலால் சுடுகிறார், ஒவ்வொரு முறையும் கையாலேயே ஸ்லைடை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றுகிறார். துப்பாக்கி சிக்கியபோது விரைவாகச் சரிசெய்ததைச் சுட்டிக்காட்டி, ஆயுதத்தில் தேர்ச்சி உள்ளவராகத் தெரிகிறது என்று போலீஸ் தரப்பே அப்போது சொன்னது. இணையத்தில் அதற்கு மேலும் போனார்கள். அது சிக்கவில்லை, கையால் ஏற்றிச் சுடும்படியே செய்யப்பட்ட அரிய வகைப் பிஸ்டல் என்றார்கள். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் உளவுப் பிரிவுக்காக உருவான வெல்ராடின் பெயர் அடிபட்டது. அதன் வழிவந்த சுவிஸ் தயாரிப்பு ஒன்றும், கால்நடை மருத்துவர்கள் வைத்திருப்பது என்று சொல்லப்படும் வகையும் பேசப்பட்டன. அதைப் பிடித்திருப்பவர் சாதாரண ஆளாக இருக்க முடியாது என்று முடித்தார்கள்.

ஐந்து நாள் கழித்து பென்சில்வேனியாவின் அல்டூனாவில் ஒருவர் கைதானார். அவரிடம் கிடைத்ததாகப் போலீஸ் சொன்னது 3டி பிரிண்டரில் செய்த பாகங்கள் கொண்ட பிஸ்டலும், அதேபோல் செய்த சைலன்சரும். அவர் குற்றத்தை மறுத்திருக்கிறார். சுட்டவர் யார் என்பதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. துப்பாக்கியைப் பற்றி மட்டும் பேசுவோம். பெரும்பாலான பிஸ்டல்களில் ஒவ்வொரு வெடிப்பின்போதும் குழல் கொஞ்சம் பின்வாங்கிச் சாய்ந்தால்தான் காலி உறை வெளியேறி அடுத்த தோட்டா ஏறும். குழல்முனையில் கனமான ஒன்றைத் தொங்கவிட்டால் அந்த அசைவு தடைபடும். அதற்கு ஈடுகட்டும் ஏற்பாடு இல்லாத சைலன்சரைப் போட்டால் துப்பாக்கி ஒவ்வொரு முறையும் நின்று நின்றுதான் சுடும். ஆக, அந்தக் காட்சிக்கு விளக்கம் சொல்ல அரிய ஆயுதமும் வேண்டாம், அரிய ஆளும் வேண்டாம்; தானியங்கியாக வேலை செய்யாத ஒரு பிஸ்டல் போதும்.

ஆனால் அந்த நிதானம்? எனக்கும் அதுதான் காட்சியின் சுவாரசியமான பகுதி. அவர் திகைக்கவில்லை, எதிர்பார்த்த மாதிரி ஸ்லைடை இழுத்தார். ‘எதிர்பார்த்த மாதிரி’ என்பதை அப்படியே எடுத்துக்கொண்டால் போதும் என்பது என் கருத்து. தன் துப்பாக்கி ஒவ்வொரு முறையும் நிற்கும் என்று சுட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டவர், அதற்கு ஏற்பக் கையைப் பழக்கிக்கொண்டு வந்திருக்கலாம். ஸ்டார்ட்டர் வேலை செய்யாத வண்டியைத் தினமும் உதைத்துக் கிளப்புபவர் அதை அநாயாசமாகச் செய்வார்; அதை வைத்து அவரை மெக்கானிக் என்று சொல்ல மாட்டோம். அந்தக் காட்சியிலிருந்து நியாயமாக எடுக்கக்கூடியது, சுட்டவருக்கு அந்த ஆயுதத்தை முன்பே இயக்கிப் பார்த்த அனுபவம் இருந்திருக்கிறது என்பதுதான். 25 மீட்டரில் அவருக்குக் குறி அமையுமா, வேறு துப்பாக்கியைக் கொடுத்தால் என்ன செய்வார், யாரிடம் கற்றார் என்பதெல்லாம் அந்தக் காட்சிக்குள் இல்லை.

ஆள் யார் என்று தெரிந்த பிறகு காட்சியைப் பார்ப்பது இன்னொரு வகைக் குழி. 2022 ஜூலை 8 அன்று ஜப்பானின் நாரா நகரில் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே சுடப்பட்டார். பல கோணங்களில் காட்சிகள் உள்ளன. சுட்டவர் கடல்சார் தற்காப்புப் படையில் சுமார் மூன்று ஆண்டுகள் இருந்தவர் என்ற செய்தி வந்த உடனே, ‘அதுதான் பார்த்தேன், நிற்கும் விதத்திலேயே தெரிகிறது’ என்று ஆரம்பித்துவிட்டார்கள். காட்சியில் உண்மையில் என்ன இருக்கிறது? அவர் கையில் இருந்தது இரண்டு இரும்புக் குழாயை டேப் சுற்றிப் பலகையில் பொருத்தி, மின்பொறியால் வெடிக்க வைக்கும் வீட்டுத் தயாரிப்பு. ஒரு வெடிக்கு ஆறு சிறு குண்டுகள் பரவி வரும். முதல் வெடி சுமார் 7 மீட்டரிலிருந்து. அபே மீது படவில்லை. மூன்று நொடிக்குள் சுமார் 5 மீட்டருக்கு நெருங்கி இரண்டாவது வெடி. குறிபார்க்கும் அமைப்பும் வழக்கமான விசையும் இல்லாத அந்தக் கருவியில், படையில் ரைஃபிள் பிடித்த அனுபவம் எந்த இடத்தில் பயன்பட்டிருக்கும்? முதல் வெடிக்குப் பிறகு ஓடாமல் முன்னால் நடந்தார் என்பதே அந்தக் காட்சியில் தெரியும் முக்கியமான செய்தி. அது மன உறுதியைப் பற்றியது. கைத்திறனைப் பற்றியது அல்ல. முதல் சத்தத்துக்குப் பிறகு சுற்றியிருந்தவர்கள் அசையாமல் நின்ற அந்தச் சில நொடிகளுக்கு இதில் பெரும் பங்கு உண்டு, ஆனால் அதற்கு யாரும் சுட்டவருக்கு மதிப்பெண் போட முடியாது.

திட்டம், துணிச்சல், கைத்திறன், இந்த மூன்றும் வேறு வேறு. முகத்தை மறைத்துக்கொண்டு வருவது, தப்பிக்கும் வழியைப் பார்த்து வைப்பது எல்லாம் திட்டம். நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தாலே வந்துவிடும். 1997 பிப்ரவரி 28 அன்று வடக்கு ஹாலிவுட்டில் வங்கியைக் கொள்ளையடித்த இருவரைப் பற்றி யோசித்துப் பாருங்கள். உடம்பு முழுக்கக் கவசம், தானியங்கி ரைஃபிள்கள், ஹெலிகாப்டரிலிருந்து நேரலையில் உலகமே பார்த்த காட்சி. பார்த்தவர்களுக்கு அவர்கள் போர்வீரர்கள் மாதிரித் தெரிந்தார்கள். இருவரும் சேர்ந்து சுட்டது சுமார் 1,100 குண்டுகள். போலீஸ்காரர்களும் பொதுமக்களுமாக இருபது பேர் காயமடைந்தார்கள். இறந்தவர்கள் கொள்ளையர் இருவர் மட்டும். ஒருவரின் ரைஃபிள் சிக்கியபோது அதைப் போட்டுவிட்டுப் பிஸ்டலை எடுத்தார். சரிசெய்யத் தெரியாததால் போட்டாரா, எதிரே சுடும்போது மாற்று ஆயுதத்துக்குப் போ என்று பயிற்சிகளில் சொல்லித்தருவதையே செய்தாரா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே அசைவு.

படபடப்பு இதை இன்னும் குழப்பும். உயிர் போகும் நெருக்கடியில் பார்வை குறுகும், காது அடைக்கும், விரல்களின் நுணுக்கம் போய்விடும். சுடுதளத்தில் தொண்ணூறு மதிப்பெண் எடுப்பவர் தெருவில் தடுமாறுவார். சிலருக்கு நேர்மாறாக ஒரு விறைப்பான அமைதி வரும். உள்ளே என்ன நடக்கிறது என்பதே தெரியாது, பார்ப்பவருக்கு அது ‘பனிக்கட்டி மாதிரி நிதானம்’. காட்சியில் தெரியும் அமைதியைப் பயிற்சி என்று படிப்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

பார்ப்பவர் பக்கமும் ஒரு கோளாறு இருக்கிறது. செய்திகளில் காட்சியை மெதுவாக ஓட்டிக் காட்டுகிறார்கள். 2016இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வந்த ஆய்வு ஒன்று, கடைக் கொள்ளையில் நடந்த ஒரு நிஜத் துப்பாக்கிச் சூட்டின் வீடியோவைச் சிலருக்கு இயல்பான வேகத்திலும் சிலருக்கு மெதுவாகவும் காட்டிச் சோதித்தது. மெதுவாகப் பார்த்தவர்களுக்கு, சுட்டவர் யோசித்து வேண்டுமென்றே சுட்டதாகத் தோன்றும் போக்கு கூடியது. ஓடிய நேரம் இவ்வளவுதான் என்று திரையிலேயே கடிகாரத்தைக் காட்டியும் அந்தச் சாய்வு முழுதாகப் போகவில்லை. ஆய்வு பேசியது நோக்கத்தைப் பற்றி. திறமை விஷயத்திலும் அப்படித்தான் நடக்கும் என்று நான் நினைக்கிறேன்: அரை நொடியில் தட்டுத்தடுமாறி நடந்த ஒன்று, நான்கு நொடிக்கு இழுக்கப்பட்டால் நடன அசைவு மாதிரி ஆகிவிடும். எனவே முதலில் இயல்பான வேகத்தில் பாருங்கள். மெதுவான காட்சி எண்ணுவதற்கு மட்டும்.

ஏடுகளில் திறமை பதிவாகியிருந்தாலாவது சண்டை தீருமா? 1963 நவம்பர் 22, டல்லஸ். கென்னடி சுடப்பட்டதை ஸாப்ருடர் என்பவரின் கேமரா பதிவு செய்தது. அதன் வேகம் நொடிக்கு 18.3 ஃபிரேம் என்று எஃப்பிஐ அளந்தது. அந்தப் படத்தில் சுடுபவரே இல்லை. அதைக் கடிகாரமாக மட்டும் பயன்படுத்தினார்கள். அந்த ரைஃபிளில் ஒரு குண்டு சுட்டு, அடுத்த தோட்டாவை ஏற்ற போல்ட் என்ற கைப்பிடித் தண்டை இழுத்துத் தள்ளி, மறுபடி குறி பார்த்துச் சுட குறைந்தது 2.3 நொடி வேண்டும் என்று சோதித்தார்கள், அதாவது 42 ஃபிரேம். இன்னொரு பக்கம், சுட்டவர் என்று கைதான ஆஸ்வால்டின் கடற்படைக் காலாட்பிரிவுத் தேர்வு மதிப்பெண்களும் கையில் இருந்தன. 1956இல் 212, நடுத்தரத்துக்கான 210ஐ ஒட்டித் தாண்டியது. 1959இல் 191, கடைசித் தரத்துக்கான 190ஐ ஒட்டித் தப்பியது. இவ்வளவு இருந்தும், அவரால் முடிந்திருக்குமா என்று இன்றைக்கும் வாதாடுகிறார்கள். ஒரு தரப்பு முதல் மதிப்பெண்ணைக் காட்டும், மறுதரப்பு இரண்டாவதை. ஏடும் கடிகாரமும் இருந்த வழக்கின் கதி இது என்றால், முகமூடி போட்ட ஒருவரின் எட்டு நொடி வீடியோவுக்கு எவ்வளவு எடை கொடுக்கலாம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் ஒரு காட்சியைக் கொடுத்துக் கருத்துக் கேட்டால், முதலில் மூலக் கோப்பைக் கேட்பேன். ஃபிரேம் வேகம், கேமராவின் உயரம், தூரம் மூன்றும் தெரிய வேண்டும். அப்புறம், சுடுவதற்கு முன்னும் பின்னும் உள்ள பகுதியைக் கேட்பேன். துப்பாக்கியை மறுபடி உள்ளே வைக்கும் விதம் பல நேரம் எடுக்கும் விதத்தைவிட அதிகம் காட்டிக்கொடுக்கும். வேலை முடிந்ததும் பதற்றம் தளர்ந்து பழைய பழக்கம் தலைகாட்டுகிறது. பார்க்காமலே உறையில் போய் அமர்கிறதா, குழல்முனை தன் தொடையையே குறிபார்த்துக்கொண்டு போகிறதா? விரல் தெரியாத படத்திலும் இது தெரியும். சிதறிக் கிடந்த தோட்டா உறைகளின் இடம், குண்டு பட்ட இடங்களின் பரவல், வெடிக்காமல் தரையில் விழுந்த முழுத் தோட்டா ஏதாவது உண்டா என்பதையும் கேட்பேன். கையால் ஸ்லைடை இழுக்கும்போது வெடிக்காத தோட்டாவே வெளியே விழுந்திருந்தால், அந்த இழுப்பு தேவையில்லாத பதற்ற இழுப்பாக இருந்திருக்கலாம்.

எல்லாம் பார்த்த பிறகும் நான் எழுதித் தரக்கூடியது ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்: ‘சுட்டவர் இந்த ஆயுதத்தை முன்பே கையாண்டிருப்பதற்கான அறிகுறிகள் உள்ளன. துப்பாக்கி இரண்டு முறை நின்றபோதும் பார்வையைத் தாழ்த்தாமல் மீண்டும் இயக்கினார். இலக்கு 3 மீட்டருக்குள் இருந்ததால் குறித்திறனைப் பற்றிக் கருத்துச் சொல்ல இயலாது. ராணுவ அல்லது போலீஸ் பயிற்சியைத் தனித்துக் காட்டும் அசைவு எதுவும் இல்லை.’ செய்தித்தாளுக்கு இது ஊசிப்போன சரக்கு. அமெரிக்க நீதிமன்றங்களில் 1993இன் டாபர்ட் தீர்ப்புக்குப் பிறகு நிபுணர் சாட்சி என்றால் முறையைச் சோதிக்க முடியுமா, தவறும் விகிதம் என்ன என்று கேட்பார்கள். நடையையும் நிற்பையும் வைத்து ‘இவர் தொழில்முறைக் கொலையாளி’ என்று சொல்பவரிடம் அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் இருக்காது. தேடுதல் நடக்கும் நாட்களில் அந்த ஒரு வார்த்தை வெளியே போனால் வரும் தகவல்களும் அந்தப் பக்கமே சாயும். முன்னாள் ராணுவத்தினரைப் பற்றியே தொலைபேசி அழைப்புகள் குவியும்; பக்கத்து வீட்டு அமைதியான இளைஞனைப் பற்றிச் சொல்ல நினைத்தவர் பேசாமல் போனை வைத்துவிடுவார்.